பேய் விரட்டும் அரசு ஊழியர்கள்: 'ட்வின் ஸ்டார் எக்ஸார்சிஸ்ட்ஸ்' மங்காவின் பின்கதை

பேய் விரட்டும் பையன் ஒரு காகிதச் சீட்டை இரண்டு விரலுக்கு நடுவில் பிடிக்கிறான். "க்யூ க்யூ நியோ ரித்சுர்யோ" என்று கத்துகிறான். சீட்டு பற்றி எரிகிறது, எதிரே நிற்கும் பூதம் சிதறுகிறது. 'ட்வின் ஸ்டார் எக்ஸார்சிஸ்ட்ஸ்' என்ற மங்காவில், அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையில், ரொகுரோவும் பெனியோவும் பக்கத்துக்குப் பக்கம் இதைத்தான் செய்கிறார்கள். கேட்பதற்கு ஏதோ ஆதிகாலத்து மறைமொழி மாதிரி இருக்கும். உண்மையில் அது சீனாவில் ஹான் அரசர்கள் காலத்து அலுவலகக் கடிதங்களின் கடைசி வரி. 'சட்டவிதிப்படி உடனே நிறைவேற்றவும்' என்று மேலதிகாரி கீழே இருப்பவருக்கு எழுதும் வாசகம். தாவோ மதத்துப் பூசாரிகள் அதை எடுத்துப் பேய்களுக்கு எழுதும் சீட்டில் சேர்த்துக்கொண்டார்கள், அப்புறம் அது ஜப்பானுக்கும் வந்து சேர்ந்தது. ஆக, அந்தப் பையன் பூதத்தின் முகத்துக்கு நேராக நீட்டுவது ஓர் அரசாணை.

இது ஏதோ துணுக்குச் செய்தி என்று தள்ளிவிட முடியாது. இளம் பேய்வேட்டைக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் மங்காக்களை வரிசையாகப் படித்தால் ஒரு விஷயம் உறுத்தும். எல்லாவற்றிலும் தேர்வு இருக்கிறது, கிரேடு இருக்கிறது, பதவி உயர்வு இருக்கிறது, தலைமையகம் இருக்கிறது, தலைமையகத்தில் எரிந்து விழும் பெரியவர்கள் இருக்கிறார்கள். காட்டில் தனியாகத் திரியும் மந்திரவாதி யாரும் இல்லை. பேயை ஒழிப்பது அங்கே ஒரு வேலை, அதுவும் சம்பளமும் படிநிலையும் உள்ள வேலை. பள்ளிக்கூட வாசகர்களுக்காக எழுதுவதால் தேர்வும் தரவரிசையும் வருகின்றன என்று சொல்லலாம், அதில் பாதி உண்மை. மீதிப் பாதி ஜப்பானிய வரலாற்றில் கிடக்கிறது. அங்கே பேய் விரட்டியவர்கள் உண்மையிலேயே அரசு ஊழியர்களாக இருந்தார்கள்.

முதலில் கதை. யோஷியாக்கி சுகேனோ 2013-ல் ஷுயெய்ஷா நிறுவனத்தின் 'ஜம்ப் ஸ்கொயர்' மாத இதழில் இதைத் தொடங்கினார். ஜப்பானியத் தலைப்பு 'சோசெய் நோ ஒன்மியோஜி'. ஒன்மியோஜி என்பவர் யின்-யாங், ஐம்பூதம், நாள், கோள், திசை ஆகியவற்றைக் கணித்துச் சொல்லிப் பரிகாரம் செய்பவர். கதையில் மனிதர் வாழும் உலகத்துக்கு அடியில் மகானோ என்ற இன்னோர் உலகம் இருக்கிறது. அங்கே கெகாரே எனும் பூதங்கள். அவற்றை அழிப்பது ஒன்மியோஜிகளின் பொறுப்பு. நாயகன் ரொகுரோவுக்கு 14 வயது. நல்ல திறமைசாலி, ஆனால் இந்தத் தொழிலே வேண்டாம் என்று ஒதுங்கியவன். ஹினாட்சுகி என்ற பயிற்சி விடுதியில் அவன் கண்ணெதிரே கூட்டாளிகள் செத்ததுதான் காரணம். அந்த நேரத்தில் கியோட்டோவிலிருந்து பெனியோ வருகிறாள். அவளுக்கும் அதே வயது. பெற்றோரைக் கெகாரேயிடம் பறிகொடுத்தவள். பழி வாங்குவதைத் தவிர வேறு நினைப்பு இல்லாதவள். அவன் ஓடுகிறான், அவள் பாய்கிறாள். சந்தித்த நொடியிலிருந்து இருவருக்கும் ஒத்துப்போகவில்லை.

அப்புறம் ஒன்மியோஜிகளின் தலைவர் அரிமா வந்து குண்டைப் போடுகிறார். தெய்வவாக்கின்படி நீங்கள் இருவரும்தான் 'இரட்டை நட்சத்திரங்கள்', நீங்கள் திருமணம் செய்துகொண்டு பெறப்போகும் குழந்தை கெகாரேகளை அடியோடு ஒழிக்கும். எலியும் பூனையுமாக இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்குத் தலைமையகம் பார்த்து முடிக்கும் சம்பந்தம் இது! இதில் உற்றுப் பார்க்க வேண்டியது அரிமாவின் குடும்பப் பெயர்: சுச்சிமிகாடோ. அந்தக் குடும்பம் கற்பனையல்ல. சில நூற்றாண்டுகள் ஜப்பானில் யார் ஒன்மியோஜியாகத் தொழில் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்று தீர்மானித்த குடும்பம் அது.

ஜப்பானிய அரசர்கள் 7, 8-ஆம் நூற்றாண்டுகளில் சீனாவைப் பார்த்து ஆட்சி முறையை அமைத்தபோது ஒன்மியோ-ரியோ என்ற துறையையும் அமைத்தார்கள். 701-ஆம் ஆண்டின் தைஹோ சட்டத் தொகுப்பில் அதற்கு இத்தனை பேர் என்று பணியிடக் கணக்கே இருந்தது. குறி கணிக்கும் ஒன்மியோஜிகள் 6 பேர். ஒன்மியோ, பஞ்சாங்கம், வானியல் ஆகிய மூன்று பிரிவுகளுக்கும் தலா ஓர் ஆசிரியர், அவரிடம் 10 மாணவர்கள். நீர்க்கடிகாரத்தைப் பார்த்து நேரம் அறிவிக்கத் தனிப் பிரிவு. ஆண்டுதோறும் பஞ்சாங்கம் போடுவது, வானத்தில் வால்மீன் மாதிரி ஏதாவது தெரிந்தால் அரசருக்கு முத்திரையிட்டு இரகசிய அறிக்கை கொடுப்பது, கட்டடம் கட்ட இடம் பார்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. பேய் விரட்டுவது பிற்பாடுதான் சேர்ந்துகொண்டது.

ஹெயான் காலத்துப் (794 முதல் 1185 வரை) பிரபுக்கள் இவர்களைக் கேட்காமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார்கள். நம் ஊரில் வாரசூலை பார்ப்பதைப் போல அவர்களுக்கும் திசைதோஷம் உண்டு. போகவேண்டிய திசை அன்றைக்கு ஆகாது என்றால், முதல்நாள் இரவே வேறு திசையில் உள்ள ஒரு வீட்டுக்குப் போய்த் தங்கி, மறுநாள் அங்கிருந்து கோணத்தை மாற்றிக் கிளம்புவார்கள். கெட்ட கனவு கண்டால் கதவடைத்து வீட்டுக்குள்ளேயே இருப்பார்கள். அந்தக் காலத்தின் மிகப்பெரிய அதிகாரப் புள்ளி ஃபுஜிவாரா நோ மிச்சினாகா. அவர் கைப்பட எழுதிய நாட்குறிப்பு இன்றும் கியோட்டோவில் இருக்கிறது. 2013-ல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அதை அவர் எழுதியது தனி ஏட்டில் இல்லை. நல்ல நாள், கெட்ட நாள், விலக்கு எல்லாம் குறித்த பஞ்சாங்கத்தில், ஒவ்வொரு நாளுக்கும் கீழே விட்டிருந்த வெற்று வரிகளில் எழுதினார்.

இந்தத் துறையின் ஊழியர்களில் ஒருவர்தான் அபே நோ செய்மெய். ஜப்பானியப் பேய்க்கதைகளின் சூப்பர்ஸ்டார். 'ட்வின் ஸ்டார்' உலகத்திலும் ஆயிரம் ஆண்டுக்கு முன் கெகாரேகளின் அரசனோடு மோதியவர் அவரே. மங்காவிலும் திரைப்படத்திலும் அவர் என்றும் இளமையாக, வெண்ணிற அங்கியில், உதட்டோரம் ஒரு சிரிப்போடு இருப்பார். பதிவேடு காட்டும் செய்மெய் வேறு ஆள். 921-ல் பிறந்தவர் 960-ல், அதாவது ஜப்பானியக் கணக்கில் 40 வயதில், இன்னும் வானியல் மாணவராகத்தான் இருக்கிறார். ஆசிரியர் பதவி கிடைத்தது அதற்கும் பல ஆண்டுகள் கழித்து. பேர் எடுத்ததெல்லாம் முதுமையில். 1005-ல் இறந்தார். 14 வயதில் உலகைக் காப்பாற்றும் பிள்ளைகளுக்கு மூலபுருஷர், பதவி உயர்வுக்காகப் பாதி ஆயுள் காத்திருந்த ஒரு குமாஸ்தா.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் செய்மெய் சிறுவனாக வருகிறார். 12-ஆம் நூற்றாண்டின் 'கொன்ஜாக்கு மோனொகதாரி' கதைத் தொகுப்பில் அது இருக்கிறது. குரு காமோ நோ தடயுகி இரவில் மாட்டு வண்டியில் போகிறார். சிறுவன் செய்மெய் பின்னால் நடந்து வருகிறான். குரு உள்ளே தூங்கிவிட்டார். எதிரே கோரமான பூதங்கள் கூட்டமாக வருவது சிறுவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஓடிப்போய்க் குருவை எழுப்புகிறான். அவர் எழுந்து, மந்திரத்தால் வண்டியையும் ஆட்களையும் மறைத்து எல்லோரையும் தப்பிக்க வைக்கிறார். சண்டை இல்லை, ஜ்வாலை இல்லை. கூட வந்தவர்கள் யாருக்கும் தெரியாதது ஒரு பையனுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். அன்றிலிருந்து குரு தன் வித்தை அத்தனையையும், குடத்து நீரை இன்னொரு குடத்தில் கவிழ்ப்பதைப் போல அவனுக்குக் கொட்டிக் கொடுத்தார் என்கிறது கதை. சிறுவர்களுக்கான ஷோனென் மங்காவின் முதல் அத்தியாயம் இதைவிட வேறென்ன?

அதே தொகுப்பில் இன்னொரு கதை எனக்கு இன்னும் பிடிக்கும். செய்மெய் ஒரு துறவி வீட்டுக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த இளம் பிரபுக்களும் துறவிகளும் வம்புக்கு இழுக்கிறார்கள்: உமக்கு ஏவல் பூதங்கள் உண்டாமே, ஓர் ஆளை அங்கேயே கொல்ல முடியுமா? அவ்வளவு சுலபமில்லை, பூச்சி என்றால் கொன்றுவிடலாம், திரும்ப உயிர்ப்பிக்கத் தெரியாது, அதனால் வீண்பாவம் என்கிறார் இவர். அவர்கள் விடவில்லை. தோட்டத்தில் தவளைகள் தத்திக்கொண்டிருந்தன, அதில் ஒன்றைக் காட்டுகிறார்கள். செய்மெய் புல்லிதழ் ஒன்றைக் கிள்ளி, ஏதோ முணுமுணுத்து வீசினார். அது மேலே விழுந்ததும் தவளை சப்பென்று நசுங்கிச் செத்தது. பிரபுக்கள் முகம் வெளுத்துப் போனது. ஒரு முழுக் கதையில் செத்தது ஒரு தவளை. ஆனால் படிக்கிறவனுக்கு முதுகு சில்லிடும். மலையையே பிளக்கும் இன்றைய மங்காச் சண்டைகளில் பலவற்றுக்கு இந்தச் சில்லிடல் வாய்ப்பதில்லை.

போட்டிக்கு வருவோம். செய்மெய் கதைகளில் பெரும்பாலும் எதிரி பேய் இல்லை, இன்னொரு தொழில்காரர். ஹரிமா பகுதியிலிருந்து, அதாவது இன்றைய ஹியோகோ மாகாணத்தின் தென்மேற்கிலிருந்து, ஒரு முதிய துறவி இரண்டு சிறுவர்களோடு வந்து, உங்களிடம் வித்தை கற்க வேண்டும் என்கிறார். சோதித்துப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்பதும், அந்தச் சிறுவர்கள் ஏவல் பூதங்கள் என்பதும் செய்மெய்க்குப் புரிந்துவிடுகிறது. அங்கிக்குள் கையை மறைத்து ஒரு முத்திரை பிடித்து, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிடுகிறார். கொஞ்ச நேரத்தில் கிழவர் திரும்பி வருகிறார், என் பிள்ளைகளைக் காணோம் என்று. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டுச் சரணடைகிறார்.

'உஜி ஷூயி மோனொகதாரி' என்ற 13-ஆம் நூற்றாண்டுத் தொகுப்பில் இது இன்னும் தீவிரமாகிறது. மிச்சினாகா தான் கட்டும் ஹோஜோஜி கோயிலுக்குப் போகும்போது அவருடைய வெள்ளை நாய் அங்கியைக் கவ்வி இழுத்து உள்ளே விடமாட்டேன் என்கிறது. செய்மெய்யைக் கூப்பிடுகிறார்கள். பாதையில் செய்வினை புதைத்திருக்கிறது என்கிறார். சுமார் ஐந்தடி தோண்டினால், இரண்டு மண்கலங்களை வாயோடு வாய் வைத்து, மஞ்சள் காகிதத் திரியால் குறுக்கே கட்டியது கிடைக்கிறது. உள்ளே ஒன்றுமே இல்லை, அடியில் சிவப்பு மையில் ஒரே ஓர் எழுத்து. இந்த வித்தை என்னைத் தவிர டோமா என்ற துறவிக்குத்தான் தெரியும் என்று சொல்லி, மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பறவையாக மடித்து வீசுகிறார். அது வெண்கொக்காகித் தெற்கே பறந்து ஒரு பழைய வீட்டில் இறங்குகிறது. அங்கே இருந்த கிழத் துறவியைப் பிடித்து விசாரித்தால், மந்திரி அக்கிமிட்சு செய்யச் சொன்னார் என்று ஒப்புக்கொள்கிறார். தண்டனை: சொந்த ஊரான ஹரிமாவுக்குத் திருப்பி அனுப்புதல். (கணக்குப் பார்த்தால் செய்மெய் இறந்து பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் அந்தக் கோயில் வேலையே தொடங்கியது. கதைக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை.)

அக்கிமிட்சு என்பவர் மிச்சினாகாவின் பெரியப்பா மகன், அரசியலில் ஆகாதவர். அதாவது இரண்டு மந்திரவாதிகள் மோதுவதற்குப் பின்னால் இரண்டு அரசியல்வாதிகள் மோதுகிறார்கள். அதற்கும் கீழே இன்னொரு பிளவு இருக்கிறது. செய்மெய் தலைநகரத்தில் அரசுப் பதவி உள்ளவர். டோமா அல்லது டோமான் எந்தப் பதவியும் இல்லாமல் கேட்டவர்க்கெல்லாம் வித்தை செய்துகொடுக்கும் வெளியூர்க்காரர். இடைக்காலத்தில் இப்படிப் பதவியில்லாமல் தெருவில் குறி சொல்லிப் பிழைத்த ஷோமோஞ்சி என்ற கூட்டத்தார் சமூகத்தில் மிகத் தாழ்வாக நடத்தப்பட்டார்கள். கதைகளை எழுதி வைத்தது யார் பக்கம் என்று சொல்லத் தேவையில்லை. செய்மெய் வெல்வார், டோமான் தோற்பார். 1734-ல் ஒசாகாவில் அரங்கேறிய பொம்மலாட்ட நாடகம் ஒன்று, டோமானை முழு வில்லனாக்காமல் நல்லவராகவே காட்டியது. அதே நாடகத்தில்தான் செய்மெய்யின் தாயான வெள்ளை நரி, குழந்தையை விட்டுப் பிரியும்போது காகிதத் திரைக்கதவில் கவிதை எழுதிவிட்டுப் போகும் காட்சி வருகிறது. ஜப்பானியர் இன்றும் மேடையில் பார்த்துக் கண்கலங்கும் காட்சி.

அரசுப் பக்கமும் ஒற்றுமையாக இல்லை. செய்மெய்யின் குரு குடும்பமான காமோவுக்குப் பஞ்சாங்கம், அபே குடும்பத்துக்கு வானியல் என்று துறையே இரண்டு வீடுகளுக்கு இடையே பங்காகிப்போனது. அபே வழிவந்தவர்களே பிற்பாடு சுச்சிமிகாடோ. 1683-ல் அரச ஆணையும் நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனின் ஒப்புதலும் வாங்கி, நாடு முழுக்க உள்ள ஒன்மியோஜிகளுக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரத்தை அந்தக் குடும்பம் கைக்குள் கொண்டுவந்தது. தெருவில் குறி சொல்பவர்கூட இவர்களுக்குப் பணம் கட்டி ஓலை வாங்க வேண்டும். ஷோகுன் ஆட்சிக்குப் பின் வந்த மெய்ஜி அரசு 1870-ல் துறையை ஒழித்தது. 1873 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய நாட்காட்டி வந்தது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடிய அலுவலகம் அதோடு பூட்டிக்கொண்டது.

பூட்டிய பிறகுதான் கற்பனைக்கு வசதி. 1980-களில் ஹிரோஷி அராமாட்டா, பாக்கு யுமெமகுரா ஆகியோரின் நாவல்கள் ஒன்மியோஜியைத் திரும்பக் கொண்டுவந்தன. 1990-களில் ரெய்க்கோ ஒகானோவும் க்ளாம்ப் குழுவும் மங்காவில் வளர்த்தார்கள். 2001-ல் மன்சாய் நோமுரா செய்மெய்யாக நடித்த படம் வந்தது. அந்தப் படத்தின் இசைக்குத்தான் பனிச்சறுக்கு வீரர் யுசுரு ஹன்யு 2018 ஒலிம்பிக்கில் ஆடித் தங்கம் வென்றார். கியோட்டோவில் செய்மெய் கோயில் வாசலில் ஐந்துமுனை நட்சத்திரம் பார்க்கலாம். அந்த நட்சத்திரம் இல்லாத ஒன்மியோஜி மங்கா அபூர்வம்.

இந்தப் பரம்பரைச் சொத்தை இன்றைய பேய்வேட்டை மங்காக்கள் எப்படிச் செலவழிக்கின்றன என்று பார்த்தால் சுவாரஸ்யம். 'ஜுஜுட்சு கைசென்' கதையில் மூன்று பெரிய மந்திரக் குடும்பங்களில் ஒன்றின் பெயர் காமோ. அது தற்செயல் என்று நான் நம்பமாட்டேன். அதில் டோக்கியோ பள்ளியும் கியோட்டோ பள்ளியும் போட்டி நடத்துகின்றன, ஆட்களுக்கு நான்காம் கிரேடு முதல் சிறப்பு கிரேடு வரை உண்டு. 'டீமன் ஸ்லேயர்' படையில் பத்துப் படிநிலை. அவற்றின் பெயர்கள் பழைய பஞ்சாங்கத்தில் நாட்களையும் ஆண்டுகளையும் எண்ணப் பயன்படுத்திய பத்துத் தண்டுகளிலிருந்து எடுத்தவை. இத்தனைக்கும் கதையில் அந்தப் படை அரசு அங்கீகாரம் இல்லாதது! அங்கீகாரம் இல்லாவிட்டாலும் படிநிலையை விடமுடியவில்லை பாருங்கள். 'ஜம்ப் ஸ்கொயர்' இதழிலேயே 2009 முதல் வரும் கசுவே கட்டோவின் 'ப்ளூ எக்ஸார்சிஸ்ட்' கிறிஸ்தவ வாடை அடிக்கும் கதை. அதிலும் இரட்டையரில் ஒருவன் 15 வயதில் வாத்தியார், மற்றவன் அவன் வகுப்பில் மாணவன். போட்டி என்றால் அங்கே யார் பேயை முதலில் அடித்தார்கள் என்பது மட்டும் இல்லை. யாருக்கு உரிமம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதுதான்.

'ட்வின் ஸ்டார்' இதில் எங்கே தனித்து நிற்கிறது? என்னைக் கேட்டால், எதிரியாக எதைத் தேர்ந்தெடுத்தது என்பதில். கெகாரே என்பது பூதத்துக்கு வைத்த புதுப் பெயர் இல்லை. அது தீட்டு. சாவு, பிரசவம், இரத்தம் இவற்றால் ஒட்டிக்கொள்வது. 927-ல் தொகுத்த 'எங்கிஷிகி' விதிநூல் அதற்கு நாள் கணக்கு வைத்திருந்தது. மனிதர் செத்தால் 30 நாள், பிரசவம் என்றால் 7 நாள், வீட்டு விலங்கு செத்தால் 5 நாள். அந்த நாட்களில் கோயில் காரியங்களுக்கும் அரண்மனைக்கும் போகக்கூடாது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குத் தொற்றும், அவரிடமிருந்து இன்னொருவருக்கும். கழிக்கும் வழிகளில் ஒன்று, காகிதத்தில் மனித உருவம் வெட்டி, அதை உடம்பில் தடவி, ஊதி, ஆற்றில் விடுவது. இன்றும் ஜூன் 30 அன்று ஜப்பானியக் கோயில்களில் அந்தக் காகித உருவங்களைப் பார்க்கலாம். மங்காவில் பறக்கும் சீட்டுகளுக்கும் ஏவல்களுக்கும் இந்த எளிய காகித மனிதனும் ஒரு முன்னோர்.

தீட்டு என்று ஒன்று இருந்தால் அதைத் தொட்டு வேலை செய்ய யாராவது வேண்டும். செத்த மாட்டைத் தூக்கவும், தோலை உரிக்கவும், பிணத்தைக் கையாளவும், தண்டனையை நிறைவேற்றவும் ஒதுக்கிவைத்த மக்களை ஜப்பான் உருவாக்கியது. 1871-ல் அந்த இழிநிலையை அரசு சட்டப்படி நீக்கியது. புராக்குமின் என்று அழைக்கப்படும் அவர்களின் சந்ததியினர் திருமணத்திலும் வேலையிலும் பாகுபாட்டை அதன் பிறகும் நெடுங்காலம் சந்தித்தார்கள். தமிழில் இதைப் படிக்கும் நமக்கு விளக்கவே வேண்டாம். தீட்டுக்கு முகமும் நகமும் கொடுத்து, அதை அடித்து நொறுக்குவதை வீரமாகக் காட்டும் கதை என்றால் எனக்குக் கொஞ்சம் நெருடும். சுகேனோ அந்த வரலாற்றை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் தீட்டு ஒரு பக்கம், சுத்தமானவர்கள் மறுபக்கம் என்று கோடு கிழிக்கவும் அவர் விடவில்லை. அதுதான் கதையின் பலம்.

(இங்கிருந்து கதையின் முடிச்சுகள் சில அவிழும். படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ஹினாட்சுகி விடுதியில் பிள்ளைகளை வெளியிலிருந்து வந்த பூதம் கொல்லவில்லை. அந்தப் பிள்ளைகளே கெகாரேயாக மாற்றப்பட்டார்கள். அவர்களை அழித்தது ரொகுரோ. பிள்ளைகளை அப்படி மாற்றியவன் யூட்டோ, அவர்களோடு இருந்த ஒரு மாணவன், பெனியோவின் இரட்டைச் சகோதரன். ரொகுரோவின் வலக்கையே கெகாரேயின் கை; அவன் பலம் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. அதைப் பார்க்கும்போது பெனியோவுக்கு வரும் அருவருப்பைச் சுகேனோ மழுப்பாமல் வரைகிறார். பிற்பாடு அவளே அதே தீட்டைத் தன் உடம்பில் ஏற்கும் நிலை வருகிறது, கால்களில். அவனுக்குக் கை, அவளுக்குக் கால். தலைமையகம் சுபமுகூர்த்தம் பார்த்த ஜோடி, விதிநூல்படி பார்த்தால் அரண்மனை வாசலை மிதிக்கவே தகுதியில்லாத ஜோடி.

ஜப்பானிய மரபில் இதற்கு ஒரு நல்ல முன்னுதாரணம் உண்டு. ஆண்டுக் கடைசி இரவில் அரண்மனையில் பூதங்களை விரட்டும் சுயினா என்ற சடங்கு 706-ஆம் ஆண்டிலேயே பதிவாகியிருக்கிறது. விரட்டுபவர் பெயர் ஹோசோஷி. பொன்னிற முகமூடி, அதில் நான்கு கண்கள், ஒரு கையில் ஈட்டி, மறு கையில் கேடயம். ஈட்டியால் கேடயத்தைத் தட்டிக்கொண்டு கூச்சலிட்டபடி வருவார். ஒன்றிரண்டு நூற்றாண்டு போனதும் அரண்மனைக்காரர்கள் அந்தப் பயங்கர முகத்தைப் பார்த்து, இவர்தான் பூதம் என்று முடிவு கட்டி அவரையே விரட்டத் தொடங்கிவிட்டார்கள். பிரபுக்கள் அம்பு தொடுப்பார்கள், ஹோசோஷி ஓடுவார். இன்றைக்குப் பிப்ரவரி தொடக்கத்தில் 'பூதமே வெளியே போ' என்று வறுத்த சோயாவை வீசும் செட்சுபுன் பண்டிகை அந்தச் சடங்கின் வழி வந்தது. பூதத்தை விரட்டியவனைப் பூதமாகவே பார்ப்பது என்பது இந்த மங்காக்களின் கண்டுபிடிப்பு இல்லை.

குறைகளும் இருக்கின்றன. 14 வயதுப் பிள்ளைகளைக் குழந்தை பெறச் சொல்லும் ஏற்பாட்டை ஆரம்பத்தில் சிரிப்புக்காகவே பயன்படுத்துகிறார் சுகேனோ. அரிமா கோமாளித்தனம் செய்துகொண்டே வந்து போகிறார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒட்டவில்லை. பதிமூன்று பதினான்கு வயதுப் பெண்ணின் எதிர்காலத்தைப் பெரியவர்கள் கூடி நிச்சயிப்பது ஹெயான் அரண்மனையில் அன்றாட நடப்பு, மிச்சினாகா தன் மகள்களை அப்படித்தான் அரசர்களுக்குக் கட்டி வைத்து அதிகாரத்தை உறுதிப்படுத்திக்கொண்டார். அந்த அடுக்கை எடுத்துப் பிடித்திருந்தால் கதை இன்னும் கனமாக இருந்திருக்கும். பின்னால், ஒன்மியோஜிகள் வாழும் சுச்சிமிகாடோ தீவுக்குக் கதை நகர்ந்த பிறகு, பன்னிரண்டு பெருங்குடும்பங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காவல்தெய்வம், ஒவ்வொருவருக்கும் ஒரு சோகக் கதை என்று ஆள் கூட்டம் நெரிகிறது. அதில் ஷிமோன் மாதிரி சிலர் மட்டும் தேறுகிறார்கள். ரொகுரோவைவிடச் சீக்கிரம் பெரிய பதவிக்கு வந்தும் அவனைக் கண்டால் பொறாமையை அடக்க முடியாதவன் அவன். நல்ல ஷோனென் போட்டியாளனுக்கு இதைவிட என்ன வேண்டும்.

சுகேனோவின் முந்தைய தொடரிலும் இரண்டு பேர்தான் முட்டிக்கொள்வார்கள். அதிர்ஷ்டத்தை எல்லாம் தானே உறிஞ்சிக்கொள்ளும் ஒரு பெண், அதைப் பறிக்க வரும் வறுமைத் தெய்வம். அது நகைச்சுவைத் தொடர். சண்டைக்கு நடுவே சட்டென்று அசட்டுத்தனம் புகும் அவருடைய பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது அதைப் பார்த்தால் தெரியும். பெனியோ முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஒஹாகியை விழுங்கும் இடங்கள் அந்த வகை. ஒஹாகி என்பது பசையரிசி உருண்டையைச் சிவப்புப் பயறு விழுதில் பொதிந்த இனிப்பு, ஜப்பானில் முன்னோர்களுக்குப் படைப்பது. பெற்றோரை இழந்த பெண்ணுக்குச் சுகேனோ வேறு எந்த இனிப்பையும் கொடுத்திருக்கலாம்.

பார்ப்பதா படிப்பதா என்று கேட்டால் படிப்பதுதான். பியெரோ நிறுவனம் 2016 ஏப்ரலில் தொடங்கி 50 அத்தியாயங்களாக எடுத்த அனிமே (அனிமேஷன் தொடர்), மங்கா அப்போது வந்திருந்த இடத்தை எட்டிப் பிடித்ததும் தன் போக்கில் புதுக் கதை கட்டிக்கொண்டு போய்விட்டது. நடுவில் ஒரு நீண்ட பயணப் படலம் இருக்கிறது, அது மங்காவில் கிடையாது. ஹினாட்சுகி விவகாரமும் யூட்டோவின் வருகையும் இரண்டிலும் உண்டு. அது வரைக்கும் அனிமே பார்த்துவிட்டு மங்காவுக்குத் தாவுகிறவர்கள் முதல் தொகுதியிலிருந்தே படிப்பது நல்லது. கெகாரேகளின் உடம்பில் சுகேனோ போடும் அந்த நுணுக்கமான கறுப்பு மைக்கோடுகள் திரையில் வரவே இல்லை.